கிளை நூலகத்தில் இருளர் ஆவணப் பகுதி: தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

சென்னையின் தெற்கு விளிம்பிலோ வடமேற்கு விளிம்பிலோ உள்ள ஒரு கிளை நூலகத்திலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரம் சென்றால் பெரும்பாலும் ஓர் இருளர் குடியிருப்பை எட்டிவிடலாம். ஏரிக்கரையிலும், அரிசி ஆலைகளின் பின்புறத்திலும், ஊரைவிட்டுச் சற்றுத் தள்ளிய புறம்போக்கிலும் பத்து இருபது வீடுகளாக அவை இருக்கின்றன. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று தமிழ்நாட்டில் குறிப்பாகப் பாதிக்கப்படக்கூடிய பழங்குடியினராக அரசு வகைப்படுத்தியுள்ள ஆறு சமூகத்தாருள் தலைநகரின் வாசலிலேயே வாழ்கிறவர்கள் இருளர்தாம். ஆனால் அதே கிளை நூலகத்தின் அடுக்குகளில் அவர்களைப் பற்றித் தேடினால், போட்டித் தேர்வுக்கான பொது அறிவு நூல் ஒன்றில் பாம்பு பிடிப்பவர்கள் என்று ஒரு வரி அகப்படும். அதற்கு மேல் அகப்படுவது அரிது.

அந்த ஒரு வரிக்குப் பக்கத்தில் ஓர் அலமாரியளவு ஆவணம் சேர்க்க விரும்பும் நூலகர்களுக்காகவும் வாசகர் வட்டத்தாருக்காகவும் இதை எழுதுகிறேன். நான் பணிபுரிந்த கிளையில் இத்தகைய பகுதியைத் தொடங்கி, சில பிழைகளைச் செய்து, அவற்றைத் திருத்திக்கொண்டு நடத்திய அனுபவத்திலிருந்து எழுதுவதால், பல்கலைக்கழக ஆய்வாளருக்கு இது போதாமல் இருக்கலாம். தனி நிதியோ, குளிரூட்டப்பட்ட அறையோ, கூடுதல் ஊழியரோ இல்லாத இடத்தில் என்ன செய்ய முடியும் என்பதே இங்குப் பேச்சு. உங்கள் பகுதியில் வாழ்வது வேறு பழங்குடியினராக இருந்தால் பண்பாட்டுச் செய்திகள் மாறும். வேலையின் வரிசை மாறாது.

தொடங்கும்போது மேலதிகாரியிடமிருந்து வரும் முதல் கேள்வி, இது அருங்காட்சியகத்தின் வேலையல்லவா என்பது. எழும்பூர் அருங்காட்சியகம் 1851 முதல் இருக்கிறது. அதன் மானிடவியல் பிரிவில் பழங்குடியினரின் பொருள்கள் இருக்கின்றன. அரசுத் தாள்கள் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. இவ்விரண்டையும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் குடியிருப்பிலிருந்து ஏழாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தி, அனுமதிக் கடிதமும் அறிமுகமும் இல்லாமல், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்காரக்கூடிய இடம் கிளை நூலகம் மட்டுமே. 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம் விடுதலை பெற்ற இந்தியாவில் முதலாவது. சொத்துவரியோடு வசூலாகும் நூலக வரியில் இந்த அமைப்பு நடக்கிறது. அந்தச் சட்டத்துக்காகப் பல ஆண்டுகள் உழைத்த நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வகுத்த நூலகவியலின் ஐந்து விதிகளுள் ஒன்று, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும் என்கிறது. அந்தப் பெண்ணுக்குரிய நூல் இன்னும் எழுதப்படவில்லை என்றால், அதற்கான தாள்களைச் சேர்த்து வைப்பது நூலகத்தின் வேலைதான் என்று கோப்பில் எழுதுங்கள். எங்களுக்கு அந்தக் குறிப்பு போதுமானதாக இருந்தது.

முதல் மூன்று மாதங்கள்

முதல் மூன்று மாதங்களுக்குக் கேமராவையும் ஒலிப்பதிவுக் கருவியையும் எடுத்துச் செல்ல வேண்டாம். குடியிருப்புக்குத் தெரிந்த ஒருவரோடு, அதாவது அங்குள்ள பிள்ளைகளின் பள்ளி ஆசிரியரோடோ கிராமச் சுகாதாரச் செவிலியரோடோ, மாலை ஐந்து மணிக்குப் பின்னர் போங்கள். பகலில் போனால் வீட்டில் இருப்பவர்கள் முதியவர்களும் கைக்குழந்தைகளும் மட்டுமே. நெல் அறுவடை நாள்களிலும் செங்கல் சூளை மும்முரமாக நடக்கும் கோடையிலும் போக வேண்டாம். வேலைக்குப் போனவர்கள் களைத்து வந்து உறங்கும் நேரத்தில் பாட்டு கேட்பது நன்றாக இருக்காது.

எங்களிடம் அங்கே முதலில் கேட்கப்பட்டது பண்பாட்டைப் பற்றிய எதுவுமன்று. நடுவயதுக்காரர் ஒருவர் ஞெகிழிப் பையிலிருந்து நான்காக மடித்த தாள் ஒன்றை எடுத்துக் காட்டி, “சார், சாதிச் சான்றுக்கு எங்க அப்பாவோட பள்ளிக்கூடத்து டி.சி. கேக்குறாங்க. இது ஒண்ணுதான் இருக்கு, மடிப்புல கிழிஞ்சிடுச்சு. நகல் எடுத்துத் தருவீங்களா?” என்றார். பழங்குடிச் சான்றிதழ் பெறுவதில் இருளர் படும் அலைச்சல் தெரிந்தவர்களுக்கு அந்தத் தாளின் மதிப்பு விளங்கும். அடுத்து வந்த சனிக்கிழமைகளில் நூலகத்தின் ஸ்கேனர் அதற்கே ஓடியது. குடும்ப அட்டை, பட்டா நகல், மருத்துவமனைச் சீட்டு என்று என்னென்னவோ வந்தன. இந்தத் தாள்களை ஆவணப் பகுதியில் சேர்க்கக் கூடாது. ஸ்கேன் செய்து, அவர்களுடைய பென்டிரைவிலோ கைப்பேசியிலோ போட்டுக் கொடுத்துவிட்டு, நம் கணினியிலிருந்து அழித்துவிட வேண்டும். சேகரிப்பு என்று பார்த்தால் எங்களுக்கு அதில் ஒன்றும் மிஞ்சவில்லை. ஆயினும் அந்த வாரங்களுக்குப் பிறகுதான் எங்களை உட்காரச் சொல்லித் தேநீர் கொடுத்தார்கள்.

அதன் பிறகு ஒரு சிறு குழுவை அமையுங்கள். ஐந்து பேர் போதும். அவர்களுள் மூவர் குடியிருப்பைச் சேர்ந்தவர்களாகவும், அந்த மூவருள் இருவராவது பெண்களாகவும் இருக்கட்டும். எதைச் சேர்ப்பது, எதை விடுவது, எதை யாருக்குக் காட்டுவது என்ற மூன்று கேள்விகளிலும் அவர்களுள் ஒருவர் வேண்டாம் என்றாலும் அந்தப் பொருளைத் தொடுவதில்லை என்று முதல் கூட்டத்திலேயே தீர்மானம் எழுதிவிடுங்கள். கூட்டத்துக்கு வருகிறவர்கள் அன்றைய கூலியை இழந்து வருகிறார்கள். அதை ஈடு செய்ய வாசகர் வட்டத்திலிருந்து பணம் ஒதுக்குங்கள். பொன்னாடையும் நினைவுப் பரிசும் அதற்கு ஈடாகா.

ஏற்கெனவே எழுதப்பட்டவை

சென்னையில் இருப்பதன் வசதி, பழைய நூல்களுக்காக வெளியூர் செல்ல வேண்டியதில்லை என்பது. 1896இல் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகமும், தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும், கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகமும் ஒரு நாளில் போய் வரக்கூடியவை. தேட வேண்டியவை இரண்டு வகை. ஒன்று, 1879இல் வெளிவந்த செங்கல்பட்டு மாவட்டக் கையேடு போன்ற நிருவாக நூல்கள். மற்றொன்று, சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், க. ரங்காச்சாரியின் துணையோடு 1909இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றிய ஏழு தொகுதிகள். இருளர் பற்றிய பகுதி இரண்டாம் தொகுதியில் வருகிறது. இவை பதிப்புரிமைக் காலம் கடந்தவை. ஆதலால் நகலெடுத்து வைக்கத் தடையில்லை.

ஆனால் இந்நூல்களை அப்படியே அலமாரியில் வைப்பதை நான் ஏற்பதில்லை. தர்ஸ்டன் மனிதர்களின் மூக்கு அகலத்தையும் நீளத்தையும் கருவிகொண்டு அளந்து அட்டவணை போட்டவர். அந்தப் பக்கங்களைத் தம் பாட்டனைத் தேடி வரும் ஓர் இருளர் இளைஞர் துணையின்றித் திறக்கும்படி விடுவது முறையாகாது. நாங்கள் செய்தது இது: அந்தப் பகுதியைத் தமிழில் சொல்லக்கூடிய ஒருவரை அழைத்துக்கொண்டு குடியிருப்புக்குப் போய், பத்தி பத்தியாகப் படித்துக் காட்டி, ஒவ்வொன்றுக்கும் அவர்கள் சொன்ன மறுமொழியை எழுதி, நகலின் எதிர்ப்பக்கத்தில் ஒட்டினோம். சில இடங்களில் அது சரிதான் என்றார்கள். சில இடங்களில் சிரித்தார்கள். ஓரிடத்தில் வெகுநேரம் ஒருவரும் பேசவில்லை; அந்தப் பத்திக்கு எதிரே பக்கம் வெறுமையாகவே இருக்கிறது. இப்போது எங்கள் நூலகத்தில் அந்த நகலைக் கேட்பவர்களுக்கு இரு பக்கமும் சேர்ந்தே கிடைக்கும். ஒரு பக்கத்தை மட்டும் நகலெடுக்க அனுமதி இல்லை.

பாம்பைப் பற்றி ஒரு சொல். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், அதைத் தொடர்ந்து பாம்புத் தோல் ஏற்றுமதிக்கு வந்த தடையும் இருளரின் பழைய பிழைப்பை நிறுத்தின. அதன் பின்னரே 1978இல், ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியோடு, இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கிலிருந்தும் நஞ்செடுத்து, நச்சுமுறி மருந்து செய்யும் நிறுவனங்களுக்கு அச்சங்கம் அளிக்கிறது. 2023இல் செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த மாசி சடையனுக்கும் வடிவேல் கோபாலுக்கும் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டபோது நாளிதழ்கள் அனைத்தும் எழுதின. செய்தி நறுக்குகளைச் சேர்த்து ஒரு பெட்டியில் போடுங்கள். அதற்கு ஒரு நாள் போதும். எளிதில் கிடைப்பது என்பதற்காக அலமாரி முழுவதும் பாம்பாக ஆகிவிட்டால், ஈசல் பிடித்தவர்களும், சூளையில் கல் அறுத்தவர்களும், ஏரிக் காவலுக்கு நின்றவர்களும் அதில் இடம்பெறாமல் போவார்கள்.

ஒப்புதல் பெறுதல்

இந்த வேலையில் மிக அதிகமாகத் தவறு நடக்கும் இடம் இதுவே. ஆகவே இதைச் சற்று விரித்துச் சொல்கிறேன்.

எங்கள் முதல் ஒப்புதல் படிவம் ஒரு முழுப்பக்க அச்சுத் தாள். மேலே நூலகத்தின் முத்திரை, கீழே கையொப்பத்துக்குக் கோடு, அதன் பக்கத்தில் இடது பெருவிரல் ரேகைக்கு ஒரு கட்டம். அதை நீட்டியபோது, அதுவரை இயல்பாகப் பேசிக்கொண்டிருந்த மூதாட்டி கையைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டார். அரிசி ஆலைகளிலும் சூளைகளிலும் முன்பணம் வாங்கிக்கொண்டு தாளில் ரேகை வைத்து, ஆண்டுக்கணக்காகக் கொத்தடிமையாக இருந்த குடும்பங்கள் இம்மாவட்டங்களில் பல உண்டு. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்துக்குப் பின்னரும் அத்தகையோர் மீட்கப்பட்ட செய்திகள் வந்துகொண்டே இருந்தன. நாங்கள் நீட்டிய தாள் அவருக்கு எதை நினைவூட்டியது என்பதை அவருடைய மகன்தான் வெளியே வந்து சொன்னார்.

அன்றிலிருந்து ஒப்புதலைக் குரலிலேயே பெறுகிறோம். பதிவைத் தொடங்கியதும் நூலகர் தம் பெயரையும், நூலகத்தின் பெயரையும், நாளையும் சொல்லி, இந்தப் பதிவு எங்கே இருக்கும், யார் கேட்கலாம், இணையத்தில் ஏறுமா ஏறாதா, பிற்பாடு வேண்டாம் என்று தோன்றினால் யாரிடம் சொல்வது ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் கேட்கிறார். பேசுபவர் தம் சொற்களில் விடை சொல்கிறார். இதற்கு நான்கைந்து நிமிடங்கள் ஆகும். பின்னர், பதிவை எழுதி முடித்தபின் மறுபடியும் போய்ப் போட்டுக் காட்டி, இரண்டாம் முறையும் கேட்க வேண்டும். பேசும்போது சரி என்றவர்கள் கேட்கும்போது வேண்டாம் என்பது உண்டு, அதற்கு அவர்களுக்கு உரிமையும் உண்டு.

சட்டம் இங்கு உங்களுக்குத் துணை செய்யாது என்பதையும் அறிந்திருங்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவின் ஆசிரியர் அதைத் தயாரித்தவரே. ஒளிப்படத்தின் ஆசிரியர் அதை எடுத்தவரே. பாடியவருக்கு நிகழ்த்துநர் உரிமை என்று ஒன்று உண்டு, அது 50 ஆண்டு நிற்கும்; ஆனால் பரம்பரையாக வந்த பாட்டின் மீது அந்தச் சமூகத்துக்கு என்று இச்சட்டத்தில் உரிமை எதுவும் எழுதப்படவில்லை. ஒன்றும் எழுதி வைக்காமல் பதிவு செய்தால், எழுபது வயதுப் பாட்டியின் குரலுக்குச் சட்டப்படி சொந்தக்காரராக நாம்தான் நிற்போம். ஆகவே, இப்பதிவின் மீது நூலகத்துக்குப் பாதுகாக்கும் பொறுப்பு மட்டுமே உண்டு, வெளியிடுவதும் பயன்படுத்துவதும் பேசியவரும் குழுவும் தரும் அனுமதிக்கு உட்பட்டவை என்று நூலகத்தின் சார்பில் எழுதி, நூலகரே கையொப்பமிட்டு, அந்தத் தாளை அவர்களிடம் கொடுங்கள். தாளில் கையொப்பமிடும் கடமை நம்முடையது. ரேகை வைக்கும் கட்டம் அதில் வேண்டாம்.

எங்கள் பெரிய பிழை இந்த ஏற்பாட்டுக்கு முன்னர் நடந்தது. நூலக வார விழாவில் கூட்டம் சேரட்டும் என்று, ஒரு பெண்மணி தம் வீட்டுத் திண்ணையில் பாடித் தந்த தாலாட்டை ஒலிபெருக்கியில் போட்டோம். பிள்ளைகள் சிலர் உச்சரிப்பைக் கேட்டுச் சிரித்தார்கள். அந்தக் கூட்டத்தில் அவருடைய பேத்தியும் இருந்தாள். மறுவாரம் அந்த அம்மாள் நூலகத்துக்கு வந்தார், சத்தம் போடவில்லை. “பாடச் சொன்னீங்க, பாடினேன். மைக்குல போடுவேன்னு சொன்னீங்களா சார்?” என்று மட்டும் கேட்டார். சொல்லவில்லை என்றேன். அந்தப் பதிவை அவர் எதிரிலேயே அழித்தோம்.

பதிவு செய்யும் முறை

விலையுயர்ந்த கருவி தேவையில்லை; ஆனால் கைப்பேசி போதாது. அழுத்தாத வேவ் கோப்பாக, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் அளவில் பதியும் சிறு கருவி ஒன்றை வாங்குங்கள். உலக ஒலி ஆவணக் காப்பகங்கள் ஏற்றுக்கொண்டிருக்கும் அளவு அது. இந்த அளவில் ஒரு மணி நேர ஸ்டீரியோப் பதிவு ஏறக்குறைய 1 ஜிபி ஆகும். எம்பி3 கோப்பைக் கேட்பதற்கான நகலாக மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஒளிப்படங்களையும் தாள்களையும் அங்குலத்துக்கு 600 புள்ளி அளவில் டிஃப் கோப்பாக ஸ்கேன் செய்தால், முழுநீளத் தாள் ஒன்று வண்ணத்தில் 100 எம்பி அளவுக்கு வரும். பாதுகாப்பாக வைக்கும் மூலக் கோப்பைத் திறந்து திருத்துவதோ, இரைச்சலை நீக்குவதோ கூடாது. திருத்தமெல்லாம் நகலில் மட்டுமே.

மாசி மகத்தன்று மாமல்லபுரம் கடற்கரைக்குப் போக ஆசை வரும், வர வேண்டும். பல மாவட்டங்களிலிருந்து வரும் இருளர் குடும்பங்கள் பழஞ்சேலைகளைக் கட்டி மணலில் கூடாரம் போட்டுத் தங்கி, கன்னியம்மனுக்கு மணலில் ஏழு படி கட்டி வழிபட்டு, பௌர்ணமி இரவு கழிந்து விடியும்போது திருமணமும், பெயர் சூட்டலும், காதுகுத்தும் நடத்துகிறார்கள். ஆனால் முதல் ஆண்டு வெறுங்கையோடு போங்கள். அங்கே ஏற்கெனவே தேவைக்கு மேல் கேமராக்கள் நிற்கின்றன. அருள் வந்து ஆடும் பெண்ணின் முகத்துக்கு ஒரு முழத் தொலைவில் ஒருவர் குனிந்து படமெடுப்பதை நான் பார்த்திருக்கிறேன். இரண்டாம் ஆண்டு, அழைத்தால், அழைத்த குடும்பத்தின் கூடாரத்துக்குப் பக்கத்தில் மட்டும் பதியுங்கள். கடற்காற்று பதிவைக் கெடுத்துவிடும் என்பதால், மைக்கின் மேல் பஞ்சுறையும் அதன் மேல் மயிர்த்துணி உறையும் மாட்டி, காற்று வரும் பக்கத்துக்கு முதுகு காட்டி உட்கார வேண்டும்.

வீட்டில் பதியும்போது கேள்விப் பட்டியலை வாசிக்காதீர்கள். உங்கள் பண்பாடு என்ன என்று கேட்டால் எவரும் விடை சொல்ல மாட்டார்கள். நாமும் சொல்ல மாட்டோம். ஒரு பொருளைக் கையில் கொடுத்து அல்லது ஓரிடத்தின் பெயரைச் சொல்லித் தொடங்குங்கள். ஏரியின் எந்த மூலைக்கு என்ன பெயர், ஈசல் புறப்படும் இரவை எப்படிக் கண்டுகொள்வீர்கள், முதல் கூலி எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டால் பேச்சு தானாக ஓடும். வடக்கு மாவட்டத்து இருளர் பேசுவது தமிழே என்பதால், நீலகிரிப் பக்கத்து இருள மொழியைப் பற்றிப் படித்துவிட்டு வந்து அந்தச் சொற்களை இங்கே தேட வேண்டாம். அதே சமயம் அவர்கள் பேச்சை எழுத்துத் தமிழாகத் திருத்தவும் வேண்டாம்; கேட்டது கேட்டபடி எழுதுங்கள். ஒரு மணி நேரப் பேச்சை எழுத எங்களுக்கு எட்டு மணி நேரம் பிடித்தது. குடியிருப்பைச் சேர்ந்த, பத்தாம் வகுப்பு முடித்த இருவருக்கு ஊதியம் கொடுத்து இந்த வேலையைச் செய்வித்தபோது, நாங்கள் தவறாக எழுதியிருந்த சொற்கள் பக்கத்துக்குக் குறைந்தது பத்து திருத்தப்பட்டன. யூனிகோடில் தட்டச்சு செய்யச் சொல்லுங்கள். பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து வைத்த கோப்புகள் இன்று திறந்தால் குப்பையாகத் தெரிவதை நூலகர்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

பட்டியலிடுதல்

பேச்சில் அக்சஷன் ரெஜிஸ்டர் என்று நாம் சொல்லும் சேர்க்கைப் பதிவேட்டைப் புத்தகங்களோடு கலக்காமல் தனியாக வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் எண், நாள், இடம், கொடுத்தவர் தம்மை எப்படிக் குறிப்பிட விரும்புகிறார் என்பது, யார் பார்க்கலாம் என்பதைக் காட்டும் அனுமதியின் நிறம் (இதைப் பின்னால் விளக்குகிறேன்) ஆகியவை போதும். பெயர் வேண்டாம் என்பவருக்கு எண் மட்டுமே. இருளர், வில்லியர் என்று இரு பெயரும் பழைய ஆவணங்களில் வருவதால், இரண்டையும் ஒன்றுக்கொன்று சுட்டும்படி எழுதுங்கள். தலைப்பாக எதை வைப்பது என்பதைக் குழு தீர்மானிக்கட்டும்.

விவரிப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஒன்றைக் காட்டுகிறேன். எலி வளைக்குப் புகை போடும் பானை ஒன்று எங்களுக்கு வந்தது. பயிற்சி பெற்ற நூலகராகிய நான் முதலில் எழுதியது: “மண்பானை, கரி படிந்தது, அடியில் துளை உள்ளது, வேட்டைக் கருவி.” பிழை எதுவும் இல்லை. அதைக் கொடுத்த அம்மாளிடம் படித்துக் காட்டியபோது, “வேட்டையா?” என்று கேட்டுவிட்டு அவர் சொன்னதை இப்போது அப்படியே பதிவேட்டில் வைத்திருக்கிறோம்: “வைக்கோலைத் திணிச்சு நெருப்பு வெச்சு, பானை வாயை வளையில கவுத்து, அடியில இருக்குற ஓட்டையில ஊதணும். ஊதி ஊதி உதடு வெந்துரும். எலி நிலத்துக்காரருக்கு இருந்த தொல்லை, எங்களுக்குக் கறி. வளைக்குள்ள அது சேத்து வெச்ச நெல்லும் எங்களுக்குத்தான். அந்த நெல்லுலதான் பெரியவனுக்குக் கஞ்சி காச்சினேன்.” அளவும் நிறமும் அதற்குக் கீழே வருகின்றன.

மழையும் கறையானும்

சென்னையில் ஆவணத்துக்கு எதிரி ஈரம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை, தரைத்தளத்தில் இருக்கும் எந்த நூலகமும் தண்ணீர் வரும் என்று கொண்டே ஏற்பாடு செய்ய வேண்டும். 2015 டிசம்பரைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இரும்பு அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்து, கீழ்த்தட்டைக் காலியாக விடுங்கள். மர அலமாரியில் கறையான் ஏறும். பெட்டிக்குள் சிலிகா ஜெல் பொட்டலம் போட்டு, நிறம் மாறும்போது காயவைத்து மறுபடி போடலாம். இராமபாணப் பூச்சிக்கு வசம்பைத் துணியில் முடிந்து வைக்கும் நம் பழைய வழக்கம் இன்றும் பயன்படுகிறது. ஆனால் முடிச்சு தாளைத் தொடக் கூடாது. செலோடேப்பும் ஸ்டேப்ளர் ஊசியும் அலமாரியின் பக்கமே வர வேண்டாம்.

தாள் நனைந்துவிட்டால் இரண்டு நாள்களுக்குள் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். வெயிலில் உலர்த்தாமல், மின்விசிறிக் காற்றில், இடையிடையே அச்சிடாத வெள்ளைத் தாள் வைத்து, அதை அடிக்கடி மாற்றி உலர்த்துங்கள். ஒட்டிக்கொண்ட ஒளிப்படங்களைப் பிரித்திழுக்காதீர்கள். தூய நீரில் மிதக்கவிட்டால் பெரும்பாலும் தாமே பிரியும்.

கோப்புகளுக்கு மூன்று படிகள் வேண்டும்: நூலகக் கணினியில் ஒன்று, தனி ஹார்ட் டிஸ்கில் ஒன்று, வேறு கட்டடத்தில் ஒன்று. மூன்றாவது படிக்கு மாவட்ட மைய நூலகம் பொருத்தமானது. வெள்ளம் வந்தால் இரண்டும் ஒரே நாளில் மூழ்காத தொலைவில் இருந்தால் சரி. ஹார்ட் டிஸ்க் ஐந்தாண்டு ஓடினால் அதிருஷ்டம் என்று வைத்துக்கொண்டு, அதற்கு முன்பே புதியதற்கு மாற்றிவிடுங்கள். நான்காவது படி ஒன்று உண்டு. அதுவே முதலில் போட வேண்டியது. பேசியவரின் வீட்டுக்கு மெமரி கார்டில் ஒரு படியும், எழுதியதன் அச்சுப்படி ஒன்றும் போய்ச் சேர வேண்டும்.

யாருக்குத் திறப்பது

ஆஸ்திரேலியாவின் டென்னன்ட் கிரீக் பகுதியில் வாருமுங்கு பழங்குடி மக்களோடு சேர்ந்து உருவாக்கப்பட்ட முகுர்ட்டு என்ற இலவச மென்பொருள், யார் எதைப் பார்க்கலாம் என்பதை அந்தச் சமூகமே வகுத்துக்கொள்ள வழிசெய்கிறது. அவர்கள் மொழியில் அந்தச் சொல் பொருள்களைப் பத்திரப்படுத்தும் பையைக் குறிக்கும். கணினி தெரிந்த ஒருவர் வாசகர் வட்டத்தில் இருந்தால் முயன்று பாருங்கள். எங்களிடம் அப்படி ஒருவர் இல்லாததால், மூன்று நிற ஒட்டுத்தாள்களை வைத்தே அதே வேலையைச் செய்கிறோம். வெள்ளை எல்லோருக்கும். மஞ்சள் நூலகத்துக்குள் மட்டும், அதுவும் குழு உறுப்பினர் ஒருவரின் சம்மதத்தோடு. சிவப்பு கொடுத்த குடும்பத்துக்கு மட்டும். ஆய்வாளர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் சிவப்புக்கு விலக்கு இல்லை; இதைச் சொல்லும்போது சிலர் முகம் சுளிப்பார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூலிகை பற்றிய பதிவுகளை, அவர்களே கேட்டாலும், இணையத்தில் ஏற்றுவதற்கு முன் ஓராண்டு பொறுங்கள். 1987இல் கேரளத்தின் அகத்தியமலைப் பகுதியில் ஆய்வாளர்களுக்கு வழிகாட்டிச் சென்ற காணிப் பழங்குடியினர் களைப்புத் தீரத் தின்ற ஆரோக்கியப்பச்சை என்ற செடியின் பழத்திலிருந்து தொடங்கியதுதான் ஜீவனி என்ற மருந்து. திருவனந்தபுரத்தில் உள்ள ஆராய்ச்சி நிறுவனம் உரிமத் தொகையில் பாதியைக் காணிகளுக்குத் தருவதாக ஏற்றதால் உலகம் முழுவதும் அது முன்னுதாரணமாகப் பேசப்பட்டது. ஆனாலும் காணிகளுள்ளேயே அதை எல்லோரும் ஒப்பவில்லை. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம் இத்தகைய அறிவுக்குப் பயன்பங்கீட்டை வகுத்திருக்கிறது. எனினும் ஒருமுறை பொதுவில் போனதைத் திரும்பப் பெற முடியாது. செங்கல்பட்டுக்கு அருகே தண்டரையில் இருளர் பெண்களின் நலச் சங்கம் பல ஆண்டுகளாக மூலிகைத் தோட்டமும் மருந்துத் தயாரிப்பும் நடத்தி வருகிறது. இந்தப் பொருளில் எதையும் சேர்ப்பதற்கு முன் அவர்களைப் போன்றோரிடம் கேட்பது நல்லது. எங்கள் அலமாரியில் மூலிகைப் பதிவுகள் ஆறு இருக்கின்றன, ஆறும் சிவப்பு.

நிறங்கள் நிலையானவை அல்ல. ஆண்டுதோறும் மாசி மகத்துக்கு அடுத்த வாரம், வெளியூர் சென்றவர்களும் திரும்பியிருக்கும் நாள்களில், பதிவேட்டை எடுத்துக்கொண்டு குடியிருப்புக்குப் போய் எண் எண்ணாகப் படித்துக் காட்டுங்கள். இறந்தவர்களின் குரல் உள்ள பதிவுகளை முதலில் கேளுங்கள். சென்ற முறை இரண்டு பதிவுகளை மஞ்சளிலிருந்து வெள்ளைக்கு மாற்றச் சொன்னார்கள்; மூன்றை வெள்ளையிலிருந்து சிவப்புக்கு மாற்றச் சொன்னார்கள்; ஒரு ஒளிப்படத்தை வேண்டுமென்று கேட்டு வாங்கிக்கொண்டார்கள், நகலும் வேண்டாம் என்றார்கள். பதிவேட்டில் அதன் எண் அப்படியே இருக்கிறது. எதிரே, உரியவரிடம் ஒப்படைக்கப்பட்டது என்ற குறிப்பும், நாளும், என் கையொப்பமும்.